காது மெஷினும் தவிற்சமாவும்

கடந்த சித்திரை மாதம் எமது வீட்டிற்குப் புதிய சாதனமொன்று வந்து சேர்ந்தது. நிறையால் ஒரு கச்சான் கோதுக்கு மேற்படாது. விலையாலோ எம்மைப்போன்ற ஆசிரியர் ஒருவரின் இரண்டு மாதச் சம்பளத்தை முழுதாக விழுங்க வல்லது. காது கேட்கும் கருவி என்று எழுதுவதே முறை. ஆயினும் எமது ஊரில் யாவரும் அதனைக் 'காது மெஷின்' என்றே வழங்குகின்றனர். நாமும் அவ்வாறே எழுதிவிடுகிறோம்.

மெஷின் எமக்கன்று, எமது தந்தையாருக்கு. இணுவிலிலே புகையிலையும் வெங்காயமும் செய்து, இளமையில் துலா மிதித்து, பின்னர் இறைப்பு மெஷினோடு மல்லாடி, எண்பது வயதை எட்டியவர் அவர். மெஷின் என்றால் அவர் மனத்தில் இன்றும் இறைப்பு மெஷின்தான். பெட்டியைத் திறந்து காட்டிய அன்று, அந்தச் சிறு பொருளை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "மெஷின் எண்டால் தண்ணி இறைக்க வேணும். இது என்னத்தையடா தம்பி இறைக்குது?" என்று கேட்டார்.

ஐயாவுக்குக் காது மந்தமாகி நாலைந்து ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் நாம் அதனை ஒரு வேடிக்கையாகவே கொண்டிருந்தோம். எமது இல்லாள், "மாமா, சொதி விடட்டோ?" என்பார். "பொதியோ? கனடாவிலயிருந்தோ? ஆர் அனுப்பினது?" என்பார் ஐயா. "புட்டு வைக்கட்டோ?" என்றால், "முத்துவோ? அவன் கொழும்புக்கெல்லோ போட்டான்" என்று பதில் வரும். பிள்ளைகள் சிரிப்பார்கள், நாமும் சிரிப்போம், ஐயாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஒருநாள், அவர் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே எம்மோடு சேர்ந்து சிரிக்கிறார் என்பதைக் கண்டோம். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த மாதமே காசு சேர்க்கத் தொடங்கினோம்.

எம்மிடம் படிக்கும் மாணாக்கர் சிலர் இப்பகுதியை வாசிப்பதுண்டு. ஆதலால் இங்கே ஒரு சிறு பாடம். உட்செவியிலே நத்தையோடு போலச் சுருண்ட உறுப்பொன்று இருக்கிறது. அதன் வாயிலருகே உள்ள மயிர்க்கலங்கள் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளையும், சுருளின் உட்கோடியில் உள்ளவை தாழ்ந்த ஒலிகளையும் வாங்குகின்றன. முதுமை முதலில் வாயிலருகே உள்ளவற்றையே பிடிக்கும். ஆகவே முதியவருக்கு ஒரு சொல்லின் உயிரெழுத்து முழங்கிக்கொண்டு காதில் விழும்; மெய்யெழுத்தின் கூர்மை நழுவிப்போகும். சொதிக்கும் பொதிக்கும் இடையே இருப்பது அந்த ஒரு கூர்மைதான். இதனை அறியாமல் உரத்துக் கத்துகிறவர்கள் உயிரெழுத்தையே மேலும் பெருப்பிக்கிறார்கள். கத்துவதை விட்டு, முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னால் பாதித் தொல்லை தீரும். இது நாம் பட்டறிந்தது.

மெஷின் வந்த பின்னர் வீட்டிற் பேச்சு வழமைக்கு வந்தது. சொதி சொதியாயிற்று. எமது மகள் அப்பப்பாவுக்குப் பள்ளிக்கூடக் கதை சொல்லத் தொடங்கினாள். நாமும் கொடுத்த காசுக்குக் குறையில்லை என்று மார்பைச் சற்று நிமிர்த்திக்கொண்டோம். அந்த நிமிர்வு ஆடி மாதம் வரையிலேதான் நின்றது.

ஆடியில் நடந்ததைச் சொல்லுமுன் வேறொரு சாதனத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

1990ஆம் ஆண்டு ஆனியிலே போர் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோயிற்று. பற்றரிகள் வடக்கிற்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் வரிசையிற் சேர்ந்தன. மண்ணெண்ணெய் தங்கம் விற்ற விலை விற்றது. வானொலிப் பெட்டிகள் ஊமையாயின. அப்போது யாருடைய மூளையில் முதலில் உதித்ததோ, சைக்கிள் டைனமோவில் வானொலியைப் பாடவைக்கும் வித்தை ஊரெங்கும் பரவியது. எமது ஒழுங்கையிலே வானொலி திருத்தும் அண்ணர் ஒருவர் இருந்தார். டைனமோவின் மின்னோட்டம் முன்னும் பின்னும் மாறி ஓடுவது. வானொலிக்கு வேண்டியதோ ஒரே திசையில் ஓடுவது. அவர் பழைய பெட்டிகளிற் கழற்றிய நான்கு டயோட்டுகளையும் ஒரு கொள்ளளவியையும் இணைத்துக் கொடுத்தார். சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றினால், பின்சில்லில் உராயும் டைனமோ சுழன்று பெட்டி உயிர்பெறும். பற்றரிக்கடை எமது தோள்மூட்டிற்குள் குடிபுகுந்தது என்று சொல்லலாம்.

காலையிலே திருச்சி வானொலியின் மங்கள இசை கடலைக் கடந்து எமது முற்றத்திற்கு வரும். ஐயாவுக்கு அது ஒருநாளும் தப்பலாகாது. சங்கீதம் படித்தவர் அல்லர், எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்தான். ஆனால் இணுவிலிற் பிறந்தவன் மேளச்சத்தம் கேளாமல் வளர முடியாது. தவில்மேதை தெட்சணாமூர்த்தி 1975ஆம் ஆண்டு தமது நாற்பத்திரண்டாம் வயதை எட்டுமுன்னர் மறைந்தார். தமிழகத்துப் பெரிய நாதசுர வித்துவான்களும் விரும்பி அழைத்த அந்தக் கையை, விடிய விடியக் கோவில் வீதி மணலில் இருந்து நேரிற் கேட்டவர் ஐயா. பிறகு யார் வாசிக்கக் கேட்டாலும், "நல்லாத்தான் கிடக்கு" என்பார். அந்தத் 'தான்' எமக்கு நன்கு விளங்கும்.

திண்ணையில் அவர் கண்ணை மூடியிருப்பார். பெடல் சுற்றுவது எமது வேலை. கை களைத்துச் சுற்றுத் தளர்ந்தால் நாதசுரம் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் ஒலி தாழும். நாம் பயந்து வேகமாகச் சுற்றினால் திடீரென மேலே பாயும். ஐயா கண் திறவாமலே, "தம்பி, கல்யாணி தேயுது" என்பார். ஏசமாட்டார். அந்த ஒரு சொல்லுக்காக நாம் இன்னும் கால்மணி நேரம் சுற்றுவோம்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சிக்குப் புறப்பட்டபோது, எமது சைக்கிளில் ஒரு அரிசி மூடையும் அதன்மேல் அந்த வானொலிப் பெட்டியும் இருந்தன. அம்மாவின் தையல் மெஷின் வீட்டிலே கிடந்தது. "தையல் மெஷினை விட்டிட்டு உந்தப் பெட்டியையே தூக்கினியள்?" என்று அம்மா நாவற்குழிப் பாலம் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். நியாயம் அம்மாவின் பக்கந்தான். தையல் மெஷின் சோறு போட்டிருக்கும்.

மட்டுவிலிலே உறவினர் ஒருவர் வீட்டுக் கொட்டிலில் நான்கு குடும்பங்கள் இருந்தோம். அடுத்த ஆண்டு பங்குனி 17ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. லாகூரில் உலகக்கிண்ணக் கிறிக்கெற் இறுதியாட்டம். எமக்கு வயது பதினைந்து. கிறிக்கெற் பைத்தியம் முற்றியிருந்த காலம். முதலில் ஆடிய அவுஸ்திரேலியர் 7 விக்கெற்றுக்கு 241 ஓட்டம் எடுத்தனர். பொழுது பட்டு, போத்தல் விளக்கொன்றைக் கொளுத்தி, அந்த முற்றத்துப் பையன்கள் முறைவைத்துப் பெடல் சுற்றினோம். யார் வெல்லவேண்டும் என்பதில் முற்றத்தில் இருந்தோர்க்குள் ஒருமனம் இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இருந்த இடமும் வந்த வழியும் அப்படி. ஆனாலும் ஆட்டத்தைக் கேளாமல் எழுந்துபோனவர் எவருமில்லை.

இலங்கை 23 ஓட்டத்தில் இரண்டாவது விக்கெற்றை இழந்தது. பெடல் பிடித்திருந்தவன் தலையிற் கைவைத்தான், பெட்டி ஊமையாயிற்று. ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு மறுபடியும் சுற்றினோம். ஒரு நான்கு ஓட்டத்திற்குத் துள்ளி எழுந்து மறுபடியும் கையை விட்டோம். அப்போதுதான் பாயிற் படுத்திருந்த ஐயா எழுந்து வந்தார். "விடுங்கோ, நான் சுத்துறன். நீங்கள் கேளுங்கோ" என்றார்.

ஐயாவுக்கு ஓவருக்கும் ஓட்டத்திற்கும் வேறுபாடு தெரியாது. தெரியாதபடியாலேயே அவர் கை ஒருசீராகச் சுற்றியது. துலா மிதித்த தாளம் அது. குருசிங்க 65 ஓட்டம் எடுத்து ஆட்டமிழந்ததும், அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 எடுத்ததும், ரணதுங்க கடைசிவரை நின்று 47 எடுத்ததும் எல்லாம் எமது காதுக்கு ஓட்டையின்றி வந்தன. 46 ஓவரும் 2 பந்தும் ஆனபோது இலங்கை 7 விக்கெற்றால் வென்றது. இரண்டரை மணி நேரத்திற்குக் குறையாமல் ஐயா சுற்றியிருப்பார். வேறு யாரையும் விடவில்லை. பையன்கள் கத்தி ஓய்ந்த பின்னர், "முடிஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டு, தோளைத் தடவிக்கொண்டு போய்ப் படுத்தார். ஊர் திரும்பிய பின்னர், அந்த ஆட்டத்தை எத்தனையோ தடவை படத்திற் பார்த்துவிட்டோம். பார்க்கும்போதெல்லாம் எமக்கு அரவிந்தவின் மட்டையோடு டைனமோவின் உர்ரென்ற சத்தமும் கேட்கிறது.

இனி ஆடி மாதத்திற்கு வருவோம்.

அயலூர் அம்மன் கோவிலிலே பூங்காவனத் திருவிழா. இரவு மேளக்கச்சேரி, நாதசுரம் இரண்டு, தவில் நான்கு. ஐயா கச்சேரிக்குப் போய் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. 'கேட்காத காதோடு போய் என்ன செய்ய' என்று அவரே நிறுத்திக்கொண்டார். இப்போது மெஷின் இருக்கிறதே! ஓட்டோவுக்குச் சொன்னோம். சைக்கிள் பாரில் இருந்து போவோமா என்று பகிடி பண்ணிக்கொண்டே ஏறினார். வாயிலில் அவருக்கு ஒரு சரை கச்சான் வாங்கிக் கொடுத்தோம். கச்சான் இல்லாத திருவிழாவை அவர் திருவிழாக் கணக்கிற் சேர்ப்பதில்லை. பல்லில்லை, ஆயினும் வாயில் ஒதுக்கி ஊறவைத்துத் தின்பார்.

மேடைக்கு நேரே மூன்றாம் வரிசையில் இருந்தோம். எமக்கு முன்னே இருந்த இளைஞர் பலரும் கைத்தொலைபேசிகளை உயர்த்திப் பிடித்திருந்தனர். மேடையை நாம் அவற்றின் சிறு கண்ணாடிகளில்தான் பார்க்கவேண்டியிருந்தது. குறைசொல்ல எமக்கு உரிமையில்லை. நாமும் ஒன்றை உயர்த்திப் பிடித்தோம். ஐயாவுக்காக, வீட்டில் மறுபடி கேட்க, என்று எமக்குள் ஒரு சமாதானம்.

கரகரப்பிரியா ஆலாபனை தொடங்கிற்று. ஐயாவின் முகத்தைப் பார்த்தோம். மலரவில்லை. நெற்றி சுருங்கிற்று. தலையை ஒருபுறம் சாய்த்தார், மறுபுறம் சாய்த்தார். தவிற்சமா தொடங்கிய நேரத்தில் அவர் முகம், வயிற்றுக்குத்து வந்தவர் முகம்போல் இருந்தது. "என்ன ஐயா, சத்தம் கூடிப்போச்சோ?" என்றோம். பதில் சொல்லாமல் கையை உயர்த்தி, மெஷினைக் கழற்றி, எங்கேயோ செருகினார். எமக்குக் கோபம் வந்தது. வந்தது என்ன, நாலுபேர் திரும்பிப் பார்க்கும்படி சொல்லியும் விட்டோம்: "இவ்வளவு காசு குடுத்து வாங்கினது இதுக்கோ? போடுங்கோ ஐயா!"

ஐயா எம்மைப் பார்க்கவில்லை. எழுந்தார். தடியை ஊன்றி, இளைஞர்களின் கால்களுக்கூடாக மெல்ல நடந்து, மேடைக்குப் பக்கத்திலே தவிலுக்கு ஐந்தாறு முழத்தில் மணலிற் போய் இருந்தார். நாமும் வெட்கத்தோடு பின்னாற் போனோம். பலாமரத்தைக் குடைந்த தவிலின் உடம்பு அதிர்ந்தால் இருக்கிற மணலும் சேர்ந்து அதிரும். விரற்கூடு அணிந்த வலக்கை வலந்தலையிற் பொரிய, இடக்கைக் கழி தொப்பியில் இறங்கும்போது அந்த முழக்கம் காதுக்கு வருமுன் நெஞ்சுக்குள் வந்துவிடுகிறது. ஐயா கண்ணை மூடினார். வலக்கை தொடையிலே தாளம் போடத் தொடங்கிற்று. ஒரு தவிலுக்கு மறுதவில் விடைசொல்லி, கணக்கு முறுகி, எல்லாம் ஒன்றாய்த் தீர்மானத்தில் வந்து விழுந்தபோது அவர் கையும் சரியாக அங்கே விழுந்தது. கண்ணைத் திறந்து, எமது காதருகே குனிந்து, தாம் உரத்துப் பேசுவது தெரியாமல், "இப்பத்தான் தம்பி வடிவாக் கேக்குது" என்றார். தவிற்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

'நல்லாத்தான் கிடக்கு' என்று அன்று அவர் சொல்லவில்லை. தெட்சணாமூர்த்தியின் பெயரையும் எடுக்கவில்லை.

வீட்டிற்கு வந்து பார்த்தால் மெஷினைக் காணோம். மடியில் இல்லை, சால்வையில் இல்லை. இல்லாள் விளக்கைப் பிடிக்க, ஓட்டோவுக்குள் தேடினோம். நள்ளிரவிலே எமது இரண்டு மாதச் சம்பளம் கோவில் மணலிற் புதைந்துவிட்டது என்று முடிவுகட்டி நாம் தலையிற் கைவைத்திருக்க, எமது மகள்தான் கச்சான் சரையைத் திண்ணையிற் கொட்டினாள். கோதுகளுக்கு நடுவே, ஒரு கோதைப்போலவே கிடந்தது. இருட்டில் அதை வாயில் ஒதுக்காமல் விட்டது அம்மன் செயல்.

மறுவாரம் மெஷின் வாங்கிய இடத்திற்குப் போய், பழுதென்று முறையிட்டோம். அங்கிருந்த பெண்பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். பழுதொன்றுமில்லையாம். இச்சாதனம் மனிதர் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல். மெல்லிய ஒலியை அது தூக்கிக் கொடுக்கும். உரத்த ஒலியை அமுக்கிப் பிடிக்கும். தவிலின் ஒவ்வோர் அடியையும் அது அமுக்க, அந்த அமுக்கத்தில் நாதசுரமும் சேர்ந்து அமிழ்ந்துவிடும். இன்னொன்றும் சொன்னார். இத்தகைய மெஷின்கள் சிலவேளை தாமாகவே கூவுவதுண்டு. அந்தக் கூவலை அடக்க உள்ளே ஓர் ஏற்பாடு இருக்கிறது. நாதசுரத்தின் நீண்ட கார்வை வந்தால் அந்த ஏற்பாடு அதனைத் தன் சொந்தக் கூவலென்று எண்ணி அழிக்கப் பார்க்குமாம். கரகரப்பிரியாவைக் கூவலென்று எண்ணும் இரசிகர் வேறும் உளர். அவர்களைப் பற்றி இன்னொரு கிழமை எழுதுவோம்.

ஐயாவுக்குத் தாழ்ந்த ஒலி இன்னும் நன்றாகவே கேட்கிறது. கச்சேரியிலோ ஒலி ஏற்கெனவே உரத்தது. ஆகவே அவர் கழற்றியது சரிதான் என்றார் அப்பெண். சங்கீதத்திற்கென்று வேறொரு அமைப்பையும் மெஷினுக்குள் ஏற்றித் தந்தார். வாங்கும்போதே கேட்டிருக்கவேண்டும், வாசகர் எவரேனும் வாங்கப் போவதாயின் கேட்டுப் பெறுக. "ஆனா ஐயா, தவிலுக்குக் கிட்டப் போய் இருக்கக்கூடாது, மிச்சக் காதும் போயிடும்" என்று ஐயாவுக்குத் தெளிவாக, முகத்தைப் பார்த்து, நிதானமாகவே சொன்னார். ஐயாவுக்கு அது மட்டும் கேட்கவில்லை.

சென்ற ஞாயிறு காலை. புட்டும் சொதியும் வைத்து யாவரும் இருந்தோம். மகள் எமது கைத்தொலைபேசியில் அன்றைய கச்சேரியைக் கண்டுபிடித்து, அப்பப்பாவின் முன்னே வைத்தாள். மெஷினைச் சங்கீத அமைப்பில் போட்டுவிட்டோம். ஐயா கையிலிருந்த புட்டைக் கோப்பையிலேயே விட்டுவிட்டுக் காதைக் கொடுத்தார். கைத்தொலைபேசியும் காது மெஷினின் தம்பிதான். உரத்த ஒலி வந்தால் அதுவும் தானாக அமுக்கும், ஓய்ந்தால் தானாகத் தூக்கும். தொப்பியின் முழக்கம் அந்தச் சிறு பெட்டிக்குள் அடங்கவே இல்லை. தவிலடி விழ நாதசுரம் கிணற்றுக்குள் இறங்குவதும், பின்னர் மேலே பாய்வதுமாக ஓடிற்று.

ஐயா முழுவதையும் கேட்டார். முடிந்ததும் எம்மைப் பார்த்தார்.

"பெடல் சுத்தினவன் களைச்சுப் போனான் போலகிடக்கு, தம்பி" என்றார்.

"எந்தப் பெடல் அப்பப்பா?" என்றாள் மகள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தென்மராட்சிக்குப் போன இரவிலிருந்து தொடங்கினார். புட்டு ஆறிக்கொண்டிருந்தது. இல்லாள் ஒன்றும் சொல்லவில்லை.